யார் வீட்டு மாடு

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது தார்ச்சாலையில் கிடந்த ஒரு கட்டு அரைக்கீரை. கட்டிய வாழைநார்கூட அவிழவில்லை. அடுத்து, அதைத் தின்றுகொண்டிருந்த மாடு. அதற்கு அப்பால் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த சாம்பல் நிற ஸ்கூட்டர். பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் கடைசியாகத்தான் தெரிந்தார். சாலையின் நடுவே இருந்த சிமென்ட் தடுப்பில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்திருந்தார். கிட்டே போன பிறகுதான், நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் பெண் என்று தெரிந்தது.

துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலை அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்பது அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். பள்ளி வேன்கள், கம்பெனிப் பேருந்துகள், ஊட்டிக்குப் போகிற கார்கள். அத்தனையும் அன்று அந்த மாட்டைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தன. அவருக்குப் பின்னால் வந்த மினிபஸ் ஒரு முழ இடைவெளியில் நின்றிருந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தார். மாட்டின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

அவரை எழுப்பி ஓரமாகக் கூட்டி வருவதற்குள் சிறு கூட்டம் கூடிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவர் ஆறுதல் சொன்னார்.

"அம்மணி, கோமாதா தொட்டா நல்லதுங்க. அதும் இன்னிக்கு அமாவாசை."

"நல்லதுன்னா நீங்க போயித் தொட்டுக்குங்க" என்றார் அவர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஹெல்மெட்காரர் வருத்தப்பட்டு வண்டியைக் கிளப்பினார். போகிற வழியில் மாட்டின் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார்.

நான் பத்திரிகையில் வேலை பார்த்தவன். மாவட்டச் செய்திகளைத் திருத்திக் கொடுக்கிற மேஜையில்தான் பெரும்பாலான வருடங்கள் கழிந்தன. 'குறுக்கே வந்த மாடு மீது மோதி' என்று தொடங்குகிற செய்திகள் வாரம் தவறாமல் வரும். ஆறு வரி, ஏழு வரி. அவற்றில் காயம்பட்டவருக்குப் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். மாடு எங்கிருந்தோ வந்திருக்கும். மழை வந்தது, காற்று வீசியது என்பதுபோல மாடு வந்தது. எந்த நிருபரும் மாட்டின் வீடு எது என்று விசாரித்து எழுதியதில்லை. எந்த ஆசிரியரும் கேட்டதில்லை.

அன்று நடந்தது என்ன என்று மருத்துவமனைக்குப் போகும் ஆட்டோவிலேயே அவர் சொன்னார். சந்தைக்கடையில் அரைக்கீரை வாங்கி, வண்டியின் முன்பக்கக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சிக்னல் விழுந்ததும் வேகத்தைக் குறைத்திருக்கிறார். தடுப்பை ஒட்டி நின்றிருந்த மாடு நேராக வந்து கொக்கியில் தொங்கிய கீரைக்குத் தலையை நீட்டியிருக்கிறது. அவர் வண்டியை ஒடித்துத் திருப்ப, கொம்பு கைப்பிடியில் சிக்க, மாடு தலையை உதறியிருக்கிறது. அவ்வளவுதான்.

"அது என்னிய முட்டலீங்ணா. கீரையத்தான் புடுங்குச்சு" என்றார்.

அந்த வார்த்தைதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. அமாவாசையன்று முன்னோருக்காகப் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது வழக்கம். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இரண்டு பெண்கள் கோணிப்பையை விரித்துக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் மாடு கட்டியிருக்கிற இடத்தைத் தேடிப்போய்க் கொடுத்த காலம் போய், இப்போது மாடே சாலைக்கு வந்து நிற்கிறது. வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. இருசக்கர வண்டிக்காரர்கள் ஒற்றைக் காலை ஊன்றி, கீரையை நீட்டி, கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி நீட்டுகிறார்கள். பின்கண்ணாடியில் காங்கேயம் காளையின் படம் ஒட்டிய கார் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். கீரை கொடுப்பதற்காகச் சிக்னலில் நின்று, கொடுத்து முடித்ததும், வழியை விட்டு விலகாத அதே மாட்டைப் பார்த்து ஹார்ன் அடித்தது.

ஆகவே அந்த மாட்டுக்கு ஒரு பாடம் நடத்தப்பட்டிருக்கிறது. வேகம் குறைகிற வண்டி என்றால் தீனி. வண்டியின் முன்னால் தொங்குகிற பச்சை என்றால் தனக்கு வந்தது. ஊரே சேர்ந்து கற்றுக்கொடுத்ததை அது சரியாகக் கற்றுக்கொண்டிருந்தது. என் கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டுச் சமையலுக்கு வாங்கிய கீரையுடன் அந்தப் பாடத்துக்குள் போய் மாட்டிக்கொண்டார்.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. மாவுக்கட்டுப் போட்டு முடிகிற நேரத்தில் அவர் கணவர் வந்து சேர்ந்தார். பம்ப் கம்பெனி ஒன்றில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவில் வேலை. அமைதியான மனிதர். மனைவியின் கையைப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு கேட்டார்.

"அந்த மாடு எத்தன வருசமா அங்கயே நிக்குது. தெனமும் எத்தன பேரு போறாங்க, வாராங்க. உன்னிய மட்டும் பாத்து முட்டுச்சா?"

"முட்டலீங்க. கீரைக்கு வந்துச்சு."

"நீ பாத்துப் போயிருந்தா எதுக்கு வருது? உனக்கு இந்த ரோட்டுல ஓட்டற பக்குவம் இல்ல. வண்டியத் தாட்டி உட்டறலாம்."

தாட்டி விடுவது என்றால் அனுப்பிவிடுவது. வண்டியை விற்றுவிடலாம் என்கிறார்.

அந்த வண்டி அவர் மனைவிக்கு என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலைப்பாடு செய்து கொடுக்கிறவர். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோக்கிற வேலை. வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று பெயர்தான். மணியும் நூலும் வாங்க டவுன்ஹால் பக்கம் போக வேண்டும். அளவெடுக்க மணப்பெண் வீட்டுக்குப் போக வேண்டும். தைத்ததைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கச் சொல்லித் திரும்ப வாங்கி வர வேண்டும். இரண்டு பேருந்து மாறிப் போய் வந்தால் பாதி நாள் போய்விடும். ஸ்கூட்டர் வந்த பிறகுதான் அது தொழில் ஆனது. தன் சம்பாத்தியத்தில் தானே வாங்கியது. அது போனால், அக்கம்பக்கத்தில் யாராவது கொண்டுவந்து கொடுப்பதைத் தைக்கிற நிலைமைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மறுநாள் மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னார்.

"எனக்குப் பணங்காசெல்லாம் வேண்டாமுங்ணா. 'எம்மாடுதான், அதுதான் வந்து உழுந்துச்சு, அம்மணி மேல தப்பில்ல'ன்னு அந்த மாட்டுக்காரரு எங்கூட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும். அவரு என்ற பேச்சக் கேக்கமாட்டாரு. அந்தாளு சொன்னாக் கேப்பாரு. நீங்க பத்திரிகைல இருந்தவரு. அந்தாளக் கண்டுபுடிச்சுக் குடுங்க."

இது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்று நினைத்தேன். நானூறு கிலோ எடையுள்ள, தினமும் ஒரே இடத்தில் நிற்கிற ஒரு பிராணியின் உரிமையாளரைக் கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம்?

முதலில் காவல் நிலையம். இருவருமாகப் போனோம். ஏட்டு மரியாதையாக உட்காரச் சொன்னார், மின்விசிறியைப் போட்டார், கையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"எதிரி யாருங்க?"

"மாடுங்க."

"மாட்டு மேல கேஸ் போட முடியாதுங்களே அம்மணி" என்று சிரித்தார். "லாரி இடிச்சா நம்பரு இருக்குது. கார் இடிச்சா நம்பரு இருக்குது. மாட்டுக்கு என்னங்க இருக்குது? மாட்டுக்காரன் பேரோட வாங்க. ஒடனே எழுதிப்புடலாம்."

"அதக் கண்டுபுடிக்கறது உங்க வேலையில்லீங்களா?" என்றேன்.

"நெறைய வேலை இருக்குதுங்கண்ணா" என்றார், கொஞ்சமும் கோபப்படாமல்.

மாட்டுக்கும் நம்பர் உண்டு. கறவை மாடுகளின் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அதில் எண் இருக்கும். அன்று மத்தியானமே போய்ப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமான கலப்பின மாடு. நிதானமாக என்னைப் பார்த்தது. இடது காதில் வில்லை இல்லை. வில்லை இருந்த துளை இருந்தது. துளையின் ஓரம் ஆறியிருந்தது. அதுவாக அறுந்து விழுந்திருந்தால் காது கிழிந்திருக்கும். கிழியவில்லை. யாரோ பொறுமையாக வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

பிறகு சுற்றிலும் விசாரித்தேன். அங்கேதான் எனக்கு முதல் தடவை நிஜமாகவே கோபம் வந்தது. மாட்டைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பேக்கரியில் டீ போடுகிறவர் சொன்னார்:

"சாதா பன்னு குடுத்தா மோந்து பாத்துட்டுப் போயிருமுங்க. தேங்கா பன்னுன்னாத்தான் நிக்கும். அவ்வளவு வெவரம்."

"யாரு மாடுங்க?"

"அது தெருமாடுங்க."

ஆட்டோ நிறுத்தத்தில் இருந்தவர்கள் அது எத்தனை மணிக்கு வரும், மழை வந்தால் எந்தக் கடை ஓரத்தில் ஒதுங்கும், எந்த நாயைக் கண்டால் தலையை ஆட்டும் என்பதையெல்லாம் சொன்னார்கள். யாருடையது என்று கேட்டால் மட்டும், "வருமுங்க, போகுமுங்க, யாரு கேட்டா?" அகத்திக்கீரை விற்கிற அம்மாவிடம் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அது மகாலட்சுமி. மகாலட்சுமி யாரோடதுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

"மகாலட்சுமி ஒரு பொம்பளை கைய ஒடிச்சுப்போட்டுதுங்களே."

"அவியளுக்கு என்ன கெரகமோ."

கிரகம் என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் எதையும் கட்டிப்போட வேண்டியதில்லை.

இதற்கிடையில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும். விடிகாலையில் மொபெட்டின் இரு பக்கமும் கேன் தொங்க வருவார். கறந்த பால். பாக்கெட் பால் வாங்குகிறவர்களை எங்கள் தெருவில் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். "கிணத்துக்கடவுல எங்க மச்சான் தோப்புல மேயற மாடுங்க. தென்னந்தோப்புப் புல்லுங்க. அதான் பாலு இப்படி" என்று அவர் சொல்வார். உறவுக்காரர்கள் வந்து காபி நன்றாக இருக்கிறது என்றால், நாங்களும் அதையே சொல்வோம். கிணத்துக்கடவு எங்கள் தெருவிலிருந்து நகரத்தின் மறுகோடிக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே கறந்த பால் விடிவதற்குள் மொபெட்டில் எப்படி வந்து சேரும் என்று, செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த நான் உட்பட, யாரும் யோசிக்கவில்லை.

கட்டுப் போட்ட மறுநாள் காலை அவர் கீழ்வீட்டு வாசலில் நின்று பதறிப்போனார்.

"ஐயோ, என்னாச்சுங்க அம்மணி?"

"மாடுங்க. மெயின்ரோட்டுல."

"எந்தப் பாவிங்க மாட்ட இப்படி ரோட்டுல அவுத்து உடறான்? கேக்க ஆளில்லீங்க ஊருல" என்றார். சொல்லிவிட்டு, வழக்கமாக ஊற்றுவதற்கு மேல் ஒரு கரண்டி ஊற்றினார். அதற்குப் பிறகு தினமும் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்.

யோசனை கீழ்வீட்டுக்காரருடையதுதான். விசாரித்து விசாரித்து நான் வெறுங்கையோடு திரும்பியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்ணா, ஆளுகளக் கேட்டா ஆருஞ் சொல்லமாட்டாங்க. மாட்டயே கேக்கலாம். அது கறவை மாடு. மடியப் பாத்தீங்கல்ல? மூணு மணிக்கு மேல பாலு கட்டிக்கும். எங்காவது போயித்தான் ஆகோணும்."

மத்தியானம் மூன்று மணிக்கு முன்பே பேக்கரி வாசலில் போய் நின்றோம். அவர் தூக்குக்கட்டுடன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூன்றே கால் மணி சுமாருக்கு மாடு தடுப்பை விட்டுப் புறப்பட்டது. நாங்கள் பின்னால் நடந்தோம்.

அது போன விதத்தை இன்னும் மறக்க முடியவில்லை. சாலையின் ஓரத்தில் நின்று, பேருந்துக்குப் பின்னால் இடைவெளி வருகிறவரை காத்திருந்து கடந்தது. அந்த இடத்தில் மனிதர்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. கல்யாண மண்டபத்தின் பின்புறம் எச்சில் வாழையிலை கொட்டுகிற இடத்தில் சற்று நின்றது. இலையோடு பிளாஸ்டிக் பையையும் வாயில் எடுத்தது. பையை முழுதாக விழுங்கியது. அங்கேயே இரண்டு நாய்கள், இன்னொரு மாடு. யாரும் யாரையும் விரட்டவில்லை. அப்புறம் ரயில் பாதையை ஒட்டிய மண் சந்தில் திரும்பி, வேகமாக நடக்கத் தொடங்கியது. உள்ளே எங்கோ ஒரு கன்று கத்தியது. மாடு பதிலுக்குக் கத்தியபடி கிட்டத்தட்ட ஓடியது.

சந்தின் முடிவில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் கன்று கட்டிக் கிடந்தது. மாட்டுக்குத்தான் கயிறு கிடையாது, கன்றுக்கு உண்டு. காலையில் கறந்துவிட்டு மாட்டை அவிழ்த்து விட்டால் போதும். தீனி ஊரார் பொறுப்பு. கன்று இங்கே இருக்கிறவரை மாடு எங்கே போனாலும் திரும்பி வந்துவிடும். கூலிக்கு ஆள் வேண்டாம், புல் வேண்டாம், பிண்ணாக்கு வேண்டாம். நெடுஞ்சாலை முழுவதும் மேய்ச்சல் நிலம்.

கொட்டகைக்கு வெளியே மொபெட் நின்றிருந்தது. அதன் கேனில் இருந்த நசுங்கல் எங்களுக்குத் தெரிந்த நசுங்கல். கையில் வாளியுடன் வெளியே வந்தவர் எங்கள் பால்காரர்.

ஒரு நொடிதான் தடுமாறினார்.

"அடடே, வாங்க அம்மணி, வாங்கண்ணா. என்னங்க இந்தப் பக்கம்? கை எப்படிங்க இருக்குது?"

"மாட்டப் பாக்க வந்தோமுங்க" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"எந்த மாடுங்க?"

மாடு அவருக்குப் பின்னால் தொட்டியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"இந்த மாடு."

அவர் திரும்பிப் பார்த்தார். யாரோ விருந்தாளி வந்ததைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதுங்களா? இது எம்மாடு இல்லீங்க அம்மணி. அப்பப்ப வந்து தண்ணி குடிச்சுட்டுப் போகும். வாயில்லாச் சீவன், தொரத்தவா முடியும்?"

"கன்னுக்குட்டி?"

கன்று கயிற்றை இழுத்து மடியில் முட்டிக் குடிக்கத் தொடங்கியிருந்தது. மாடு அதன் முதுகை நக்கியது.

"அதும் கூடவே வந்துருச்சுங்க" என்றார்.

நான் பல அமைச்சர்களின் மறுப்பு அறிக்கைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான ஒன்றைப் படித்ததில்லை.

"ஏனுங்க, வாளி எதுக்குங்க?" என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். கீழ்வீட்டுக்காரர் கத்தவில்லை. அவர் குரல் இறங்கித்தான் போனது.

"நான் ஒண்ணுமே கேக்கலீங்க. எங்கூட்டுக்காரருகிட்ட வந்து, எம்மாடுதான், அம்மணி மேல தப்பில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வண்டிய விக்கறேங்கறாரு. அது என்ற பொழப்புங்க. ஒரே ஒரு வார்த்தைங்க."

"இல்லாத மாட்ட இருக்குதுன்னு எப்படிங்க அம்மணி சொல்றது?" என்றார் அவர். அதையும் பணிவாகத்தான் சொன்னார். எங்கள் ஊரில் எதையும் பணிவாகச் சொல்லிவிட முடியும்.

திரும்பி நடக்கும்போது கீழ்வீட்டுக்காரர் ஒன்றைத்தான் சொன்னார்: "தெனமும் வெடியால எங்கூட்டு வாசல்ல நின்னு கை எப்படின்னு கேட்டானுங்ணா." அதுவரை அவர் என் முன்னால் யாரையும் ஏகவசனத்தில் பேசியதில்லை.

அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் போய்ப் பால்காரரின் பெயரையும் சந்தின் அடையாளத்தையும் கொடுத்தோம். ஏட்டு எழுதிக்கொண்டார். விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. நான் எதிர்பார்த்தது, தெரு கொதிக்கும் என்று. கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் பிளாஸ்டிக் பையும் தின்கிற மாட்டின் பாலைத் தென்னந்தோப்புப் பால் என்று சொல்லி இத்தனை நாள் ஊற்றியிருக்கிறார். தெருவில் ஒரு பெண்ணின் கை ஒடிந்திருக்கிறது. தெரு கொதிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா கீழ்வீட்டுக்கு வந்து, கட்டுக்கையைத் தடவிக்கொடுத்து, சமாதானம் பேசினார்.

"ஸ்டேசன் கீசன்னு எதுக்கு அம்மணி? பாவம், பிள்ளகுட்டிக்காரரு. அவரு நிறுத்திப்போட்டா இந்தத் தெருவுக்குக் கறந்த பாலு ஆரு குடுப்பா? பாக்கெட் பால்ல காபி வாயில வெக்க முடியறதில்ல."

"அது என்ன திங்குதுன்னு நான் பாத்தனுங்க்கா."

"காய்ச்சித்தான குடிக்கிறோம்?"

அந்த அம்மா கெட்டவர் அல்ல. இவர் கட்டுப் போட்டிருந்த முதல் வாரம் முழுவதும் மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. அதனால்தான் எனக்கு ஆற்றாமை அதிகமானது. கெட்டவர்கள் என்று ஒதுக்கிவிட இதில் யாரும் இல்லை. கீரை விற்கிறவர், கீரை வாங்குகிறவர், தேங்காய் பன் கொடுக்கிறவர், பால் வாங்குகிறவர், எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் அந்த மாட்டிடமிருந்து ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொண்டிருந்தார்கள், புண்ணியமோ பாலோ. அதைச் சாலையில் நிற்க வைத்தது யார் என்று கேட்டால் மட்டும் அத்தனை பேரும் தெரியாது என்கிறார்கள். சாலையில் விழுந்தவரைப் பார்த்து, பார்த்துப் போயிருக்கக் கூடாதா என்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து ஏட்டு போனில் பேசினார். "போயிப் பாத்தனுங்கண்ணா. மாடு அங்கதான் நின்னுச்சு. விசாரிக்கோணும், சனிக்கெழம ஸ்டேசனுக்கு வாங்கன்னு சொல்லியிருக்கறேன்." அது புதன்கிழமை. வியாழக்கிழமை பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை.

அந்த வாரத்தோடு வண்டிக்கும் கெடு நெருங்கியது. கணவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்து, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை கீழ்வீட்டுக்காரர் கணவரை எழுப்பி வாசலுக்குக் கூட்டி வந்தார். நானும் இறங்கிப் போனேன். தெருவில் ஐந்தாறு பேர் பாத்திரத்துடன் நின்றிருந்தார்கள். மொபெட் வந்து நின்றது.

"ஏனுங்க, இவிய இருக்காங்க. இப்பச் சொல்லுங்க. அந்த மாடு உங்க மாடுதானுங்களே?"

நாங்கள் மறுப்புக்குத் தயாராக இருந்தோம். பால்காரர் கேனின் மூடியைத் திறந்தபடி சாதாரணமாகச் சொன்னார்:

"ஆமாங்க அம்மணி. எம்மாடாத்தான் இருந்துச்சு."

கேனுக்குள் கரண்டியை விட்டுக் கலக்கினார்.

"நேத்துப் பொள்ளாச்சி சந்தையில கன்னோட சேத்துக் குடுத்துப்போட்டனுங்க. பாலக்காட்டுக்காரரு ஏத்தீட்டுப் போயிட்டாரு. இனி அது எம்மாடு இல்லீங்க."

"அன்னிக்கு என்ற மேல வந்து உழுந்தது?"

"அதுதானுங்க. பச்சையக் கண்டா உடாதுங்க அது. வண்டிய நிறுத்தினா வந்துரும். அதுக்கு அம்மணி என்ன பண்ணுவாங்க?" என்றார், கணவரின் பக்கம் திரும்பி. "ரோட்டுல மாடு வந்தா ஆரா இருந்தாலும் உழுகத்தானுங்க செய்வாங்க."

கீழ்வீட்டுக்காரர் கேட்ட வார்த்தை அவருக்குக் கிடைத்துவிட்டது. கேட்டபடியே, கணவரின் முன்னால், தெருவின் முன்னால். மாடு கைமாறிய பிறகு அந்த வார்த்தைக்காகப் பால்காரர் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை அவர் காவல் நிலையத்துக்குப் போனாரா என்று பிறகு ஏட்டிடம் கேட்டேன். "மாடே இல்லீங்களே அண்ணா, எத வெச்சு விசாரிக்கறது?" என்றார்.

அன்று வாசலில் முதலில் அசைந்தவர் எதிர்வீட்டு அம்மா. "அதான் ஒத்துக்கிட்டாரில்ல, உடுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுத் தன் பாத்திரத்தை நீட்டினார். "எனக்கு ஒன்னரை ஊத்துங்க." மற்றவர்களும் நீட்டினார்கள். பால்காரர் ஊற்றினார். வீட்டில் இன்னும் எத்தனை மாடு இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கணவர் கையில் வைத்திருந்த பாத்திரத்தைப் பார்த்தார். "எங்களுக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் மாடிப்படி ஏறும்போது, ஜன்னல் வழியாக அவர் போனில் பேசுவது கேட்டது.

"ஞாயித்துக்கெழம வர வேண்டாமுங்க. வண்டி குடுக்கறதில்ல. இல்லீங்க, வெலையெல்லாம் இல்ல. அது அவளோட வண்டி."

ஆறு வாரம் முடிந்து கட்டைப் பிரித்தபோது நானும் உடன் போயிருந்தேன். எலும்பு சரியாகக் கூடிவிட்டது. விரல்கள் மடங்குகின்றன, ஊசியைப் பிடிக்க முடிகிறது. மணிக்கட்டை முறுக்கும்போது மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. பயிற்சி செய்து பாருங்கள், இதற்கு மேல் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அது நடந்து மாதங்கள் ஆகின்றன. பயிற்சி தினமும் நடக்கிறது.

ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறது. அதன் ஆக்சிலரேட்டர் வலது கைப்பிடியில் இருக்கிறது.